மூணாம் மெஷின் பக்கத்து வாடை

சொல்லாதீங்க டீச்சர். ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க. ஸ்கூல்ல ஹெச்.எம்.கிட்ட சொல்லலாமா, கூட வேலை பாக்குறவங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு என் பதில் இதுதான். கூடப் பொறந்த பொறப்பா இருந்தாலும் சொல்லாதீங்க. சொல்லிட்டு நான் பட்டது போதும்.

உங்க டோக்கன் நாப்பத்திரெண்டா? எனக்கு நாப்பத்தி நாலு. உள்ள இன்னும் இருபதுகூட முடியல. டாக்டர் வேற நடுவுல ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிட்டாராம். இப்படித் தள்ளி உக்காருங்க, இங்க ஃபேன் காத்து வருது. டீச்சர், நான் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க, வயித்துல ஒட்டியிருக்கிற பை மேல கையை வச்சு வச்சுப் பாக்காதீங்க. நீங்க கை வைக்கிறதைப் பாத்துத்தான் மத்தவங்க அங்க பாப்பாங்க. ரெண்டு மாசம்தான ஆகுது, பழகிரும். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்துச்சு.

நானா? நான் நர்சு. பேரு ஜெபக்கனி. கோவில்பட்டியில ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம், இன்னும் அங்கதான் வேலையில இருக்கேன். டயாலிசிஸ்ல இருந்தேன். பாத்தீங்களா, இருந்தேன்னுதான் வாயில வருது. பதினோரு வருஷம் டீச்சர். கிட்னி போனவங்க வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை வந்து நாலு நாலு மணி நேரம் மெஷினோட படுத்துக் கெடப்பாங்க. ரத்தம் வெளிய வந்து சுத்தமாகி உள்ள போகும். அதுக்குக் கையில ரெண்டு பெரிய ஊசி குத்தணும். அந்த ஊசி குத்துறதுல நான் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லல. எங்க டாக்டரே சொல்லுவாரு, கனிக்குக் கண்ணு விரல்ல இருக்குன்னு.

எனக்கு வந்தது புத்துநோய். ரத்தம் போச்சு. மூலம்னு நெனச்சேன். நர்சு பாருங்க, நமக்கு நாமே வைத்தியம். எட்டு மாசம் களிம்பு போட்டுக்கிட்டு இருந்தேன். கடைசியில மதுரையில கொண்டு காட்டினப்போ குடலோட அடிப்பகுதியில கட்டி. ஆசனவாயை மூடிட்டு, மலம் போக இடது பக்கம் வயித்துல வழி வச்சிரணும், ஆயுசுக்கும் பைதான்னாரு டாக்டர். எத்தனை பேருக்கு நானே பை மாத்தி விட்டிருக்கேன் தெரியுமா? முகத்தை ஒரு சுளிப்புச் சுளிச்சது கெடையாது. மனசுக்குள்ள மட்டும் நெனப்பேன், ஆண்டவரே எனக்கு எது வேணா குடு, இது மட்டும் வேண்டாம்னு. அதையேதான் குடுத்தாரு.

அப்போ என் கூட இருந்தது யாருங்கிறீங்க? தமயந்தி. அவளும் நானும் ஒரே நர்சிங் ஸ்கூல், ஒரே வருஷம், ஒரே நாள்ல இந்த ஆஸ்பத்திரியில சேந்தோம். அவளும் டயாலிசிஸ்தான். நான் காலை ஷிப்ட்டுன்னா அவ மத்தியான ஷிப்ட்டு. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா ஆபரேஷன் முடிஞ்சு கட்டைப் பிரிச்சு அந்தச் செவப்புச் சதையைப் பாத்ததும் மனுஷன் வராண்டாவுக்குப் போயிட்டாரு. ரெண்டு நாள் உள்ள வரல. தமயந்திதான் பதினோரு நாள் லீவு போட்டுட்டு என் கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்தா. ஆறாம் நாள் பை பிரிஞ்சு படுக்கையெல்லாம் ஆயிருச்சு. நான் அழுதுட்டேன். அவ என்னைத் துடைச்சு, விரிப்பை உருவி பாத்ரூம்ல அலசிட்டு வந்து, டூட்டி சிஸ்டர்கிட்ட 'கஞ்சியைக் கொட்டிட்டேன், மன்னிச்சிருங்க'ன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டா.

அப்பேர்ப்பட்டவ. அதனாலதான் இவ்வளவு வலிக்குது. வேத்து ஆளு செஞ்சா தொடைச்சுப் போட்டுட்டுப் போயிரலாம்.

வேலைக்குத் திரும்பும்போது ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லிட்டோம். கர்ப்பப்பைன்னா பொம்பளைங்க மேல கேக்கமாட்டாங்க, ஆம்பளைங்க கூச்சப்படுவாங்க. அந்த யோசனை தமயந்தி குடுத்ததுதான். நான் அவ கையைப் பிடிச்சு, 'ஏட்டி, யாருக்கும் தெரியக் கூடாது'ன்னேன். 'என் மகன் மேல சத்தியம் கனி, என் வாயில இருந்து வராது'ன்னா. ஒரே மகன் அவளுக்கு. நான் கேக்கல, அவளாத்தான் சத்தியம் பண்ணினா.

மூணு வருஷம் டீச்சர். மூணு வருஷம் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. எப்படி இருந்தேன்னு கேளுங்க, உங்களுக்கும் உதவும். காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் தயிர்ச்சோறு. வெங்காயம், முட்டை, முட்டைக்கோஸ், மொச்சை எதுக்கும் கிட்ட போறதில்ல. எங்க சபையில வருஷத்துக்கு ஒரு தடவை அசன விருந்து நடக்கும். கறிச்சோறு மணக்கும். வாங்கி அப்படியே வீட்டுக்காரர் இலையில தள்ளிருவேன். பை சில நேரம் சத்தம் போடும்ல? நம்ம கட்டுப்பாட்டுலயா இருக்கு அது. டயாலிசிஸ்ல எனக்கு அது ஒரு வசதி. எட்டு மெஷின், ஏதாவது ஒண்ணு அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். பை சத்தம் போட்டா மெஷின்கிட்ட போயி நின்னுக்கிட்டு பட்டனை அமுக்குவேன். எல்லாரும் மெஷினைத்தான் பாப்பாங்க.

வீட்டுல கழட்டின பையை நியூஸ் பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல கட்டி, ஆஸ்பத்திரிக் குப்பைக்குன்னு வச்சிருக்கிற மஞ்சக் கவர்ல அடியில போட்டுருவேன். அதை எடுத்துட்டுப் போறது குருவம்மா.

குருவம்மாவைப் பத்திச் சொல்லணும். ஐம்பத்தி மூணு, நாலு வயசிருக்கும். எங்க தளத்தைக் கூட்டித் துடைக்கிறது, கக்கூஸ் கழுவுறது, குப்பை எடுக்கிறது எல்லாம் அவதான். காண்ட்ராக்ட் ஆளு. கைநாட்டு. அதிகம் பேசமாட்டா. எனக்கு அவ மேல ஒரு கோபமும் கெடையாது டீச்சர், அதைத் தெளிவாச் சொல்லிடறேன். நல்லாத்தான் வச்சிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு என் சேலை ரெண்டு குடுப்பேன், அதிகம் கட்டாத சேலையாப் பாத்து. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு இருந்தேன்.

போன வருஷம் சித்திரையில வந்துச்சு வினை. எங்க ஊரு கரிசக்காட்டு வெயிலு உங்களுக்குச் சொல்ல வேண்டாம், சங்கரன்கோவில்ல அனுபவிக்கிறவங்கதான் நீங்களும். யூனிட்ல ரெண்டு ஏசியில ஒண்ணு ரிப்பேர். வேர்வையில பையோட ஒட்டு நிக்கல. மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்னு இந்த சிஸ்டர் உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. எங்க வீட்டுல மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லாரும் ஒண்ணா இருக்கோம், பாத்ரூம் ஒண்ணு. உள்ள போயி அரை மணி நேரம் இருந்தா கதவைத் தட்டுவாங்க. ஆஸ்பத்திரியில மாத்தினா யாராவது பாத்துருவாங்க. அதனால அஞ்சு நாள், ஆறு நாள்னு இழுப்பேன். மத்த நாள்ல நின்னுச்சு. அந்த வெயில்ல நிக்கல. ஓரத்துல கசிய ஆரம்பிச்சிருச்சு.

மூணாம் மெஷின்ல ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. நாலு வருஷமா வர்றாரு. அவர் கையில ஊசி குத்துறது லேசு இல்ல, கொஞ்சம் பிசகினா வீங்கிரும். 'கனி சிஸ்டர் இல்லையா? அப்ப நான் காத்திருக்கேன்'னு மத்த ஸ்டாஃபைத் திருப்பி அனுப்பிருவாரு. அன்னைக்கு நான் குனிஞ்சு அவருக்கு டியூபை ஒட்டிக்கிட்டு இருக்கேன். மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்ன சிஸ்டர் இது? கக்கூஸுக்குள்ள கட்டிலைப் போட்டாப்ல நாறுது?"ன்னாரு.

நிமிந்து, "குருவம்மா! டாய்லெட்டை என்ன கழுவின நீ?"ன்னு சத்தம் போட்டேன்.

அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சு டீச்சர். வேற என்ன வரும்?

அவ தொடைப்பத்தோட வந்தா. "இப்பத்தான சிஸ்டர் கழுவி..."ன்னு ஆரம்பிச்சவ என்னை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இன்னொருக்கா கழுவிருதேன்"னுட்டுப் போனா. குனிஞ்சதைப் பாத்து எனக்கே, உண்மையிலேயே சரியாக் கழுவலையோன்னுகூட இருந்துச்சு.

அந்த வாரத்துல மறுபடி வந்துச்சு. அடுத்த வாரம் ரெண்டு தடவை. முதலாளி நேரா மேனேஜருக்குப் போன் போட்டுட்டாரு. மேனேஜர் மேல வந்து எட்டுக் கட்டிலையும் மோந்து பாக்குற மாதிரி ஒரு நடை நடந்தாரு. நான் கடைசி மெஷினுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன். பேஷண்ட், அவங்க வீட்டாளுங்க, அத்தனை பேரு முன்னால குருவம்மாவைக் கூப்பிட்டு, "சம்பளம் வாங்குறல்ல? இது ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டு கக்கூஸா? எங்க இருந்து வருது இந்த நாத்தம், நீயே சொல்லு"ன்னாரு. அவ புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டு நின்னா. "வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு கத்தினாரு. அதுக்கும் அப்படியே நின்னா.

அதுக்கப்புறம் ஃபினாயிலை அள்ளி அள்ளி ஊத்தினா பாவம். விரலெல்லாம் தோலு உரிஞ்சுச்சு. நான்தான் களிம்பு குடுத்தேன்.

மெமோ வந்துச்சு. சுத்தம் சரியில்ல, மூணு தடவை எச்சரிச்சும் திருந்தலன்னு. ஷிப்ட் இன்சார்ஜ் நான், கையெழுத்து நான்தான் போடணும். போட்டேன். என்ன டீச்சர் அப்படிப் பாக்குறீங்க? எல்லாம் வழக்கமா வர்ற பேப்பர்தான். சிலிண்டர் வந்தாலும் நான்தான் போடணும், லிஃப்ட் ரிப்பேர்னாலும் நான்தான் போடணும், ஆளு மேல புகார் போனாலும் நான்தான் போடணும். போடாட்டி ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

மறுநாள் ஷிப்ட் மாத்துற நேரத்துல தமயந்தி என்னை மருந்து ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போயி கதவைச் சாத்தினா.

"கனி, வாடை எங்க இருந்து வருதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப குருவம்மா?"

"ரெண்டு நாள் பொறு தமயந்தி. வேற ஒட்டு வாங்கியிருக்கேன், இனிமே வராது. நாத்தம் நின்னுட்டா எல்லாரும் மறந்துருவாங்க."

"அந்த மெமோ மறந்துருமா?"

"ஏட்டி, ரெண்டே ரெண்டு நாள்."

ரெண்டு நாள்தான் கேட்டேன் டீச்சர். உயிர்ச் சினேகிதிகிட்ட ரெண்டு நாள் கேக்கக் கூடாதா? அது ஒரு மாசம் ஆயிருச்சுன்னு பின்னால அவதான் சொன்னா. நான் நாளை எண்ணிக்கிட்டா இருந்தேன்?

அந்த ஒரு மாசத்துல வாடை முழுசா நிக்கவும் இல்ல, அடிக்கடி வரவும் இல்ல. ஆனா ஒரு தடவை பேச்சு வந்துட்டா போதும், ஒண்ணுமில்லாட்டியும் மூக்கைப் பொத்துறவங்கதான். முதலாளி கர்சீப்ல யூகலிப்டஸ் தைலம் விட்டுக்கிட்டு வர ஆரம்பிச்சாரு. ஒரு வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டர் ஆளு வந்து, திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாம்னு குருவம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டான்.

அவ சத்தம் போடல. பக்கெட்டைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, மிச்ச வேலையை முடிச்சுட்டுத்தான் போனா. நான் ஒரு பேஷண்டுக்கு பி.பி. பாத்துக்கிட்டு இருந்தேன். என்கிட்ட வந்து, "வாறேன் சிஸ்டர்"ன்னா. சரின்னு தலையை ஆட்டினேன். காதுல ஸ்டெதஸ்கோப் இருந்துச்சு.

மத்தியானம் தமயந்தி வந்தா. விஷயத்தைக் கேட்டதும் நேரா என்கிட்டதான் வந்தா.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ போயிச் சொல்லு."

"என்னன்னு சொல்லச் சொல்ற? என் வயித்துல மலம் இருக்குன்னா?"

"உனக்கு நோய் இருந்துச்சு, ஆபரேஷன் நடந்துச்சு, பை வச்சிருக்கு, வெயில்ல கசிஞ்சிருச்சுன்னு சொல்லு. ஆஸ்பத்திரிடி இது. இங்க சொல்லாம வேற எங்க சொல்லுவ?"

"அவளுக்கு எங்க போனாலும் தொடைக்கிற வேலை கெடைக்கும். எனக்கு இந்த வேலை போனா வேற எவன் குடுப்பான்?"

தமயந்தி கிட்ட வந்தா. அப்புறம் கொரலைத் தணிச்சு, "கனி, குருவம்மாவுக்குத் தெரியும்டி"ன்னா.

"என்ன தெரியும்?"

"உன் பை. மொத வருஷத்துல இருந்தே தெரியும். மஞ்சக் கவரை யாரு கட்டுறா? ஒவ்வொரு தடவையும் உன் பொட்டலத்தை அவதான் கையில எடுக்குறா. நேத்துத்தான் நான் கேட்டேன். 'பாவம், சிஸ்டரு பச்ச ஒடம்பு'ன்னா. அத்தனை பேரு முன்னால அந்த மனுஷன் கேட்டப்போ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ தப்பிச்சிருப்பா."

எனக்குப் பொசுக்குன்னு கோபம் வந்துருச்சு. "தெரிஞ்சிருந்தா அவளே சொல்லியிருக்கலாமே! நானா அவ வாயைக் கட்டினேன்?"ன்னு கேட்டேன்.

நான் கேட்டதுல என்ன தப்பு டீச்சர்? ஆனா தமயந்தி என்னைப் பாத்தா பாருங்க. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு என் புண்ணைக்கூட அவ அப்படிப் பாத்ததில்ல.

"நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்"னா.

"உன் மகன் மேல சத்தியம் பண்ணினியேடி."

அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பண்ணினேன். அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் படி இறங்கிப் போனா. சாயங்காலம் வரைக்கும்கூட அவ பொறுக்கல. மூணு மணிக்கே மேனேஜர் ரூமுக்குப் போயிட்டா. மூணு வருஷம் என் ரகசியத்தைக் காத்தவ, மூணு மணி நேரம் பொறுக்கல.

நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. மேனேஜர் குருவம்மாகிட்ட கத்தின மாதிரி என்கிட்ட கத்தல. கத்தியிருந்தா தேவலாம். "என்ன சிஸ்டர், முன்னாடியே சொல்லியிருக்கலாமே, நாங்க என்ன அந்நியமா?"ன்னு தேன் ஒழுகப் பேசிக்கிட்டே கையை நீட்டி ஜன்னலைத் தொறந்து விட்டாரு. ஏசி ஓடுது டீச்சர். ஏசி ஓடிக்கிட்டு இருக்கும்போது ஜன்னலைத் தொறந்தாரு. அன்னைக்கு என்கிட்ட ஒரு வாடையும் கெடையாது. காலையிலதான் புதுப் பை மாத்தியிருந்தேன்.

"சார், எல்லா வேலையும் பாக்கலாம்னு மதுரை டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு"ன்னேன்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல சிஸ்டர். ஆனா பேஷண்டுங்க மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல? இன்ஃபெக்‌ஷன் அது இதுன்னு பேச்சு வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கீழ ரெக்கார்டு ரூம்ல ஆள் தேவைப்படுது. உக்காந்து பாக்குற வேலை."

பை வச்சிருக்கிறவகிட்ட இருந்து இன்ஃபெக்‌ஷன் வராதுன்னு அந்த ஆஸ்பத்திரியில படிச்ச ஒவ்வொருத்தருக்கும் தெரியும். எங்க டாக்டருக்குத் தெரியும். கனிக்குக் கண்ணு விரல்ல இருக்குன்னு சொன்னாரே, அவருக்கு. அவரு மூச்சுக் காட்டல.

மறுநாள் சாவி, ரிஜிஸ்டர் எல்லாம் ஒப்படைக்க மேல போனேன். மூணாம் மெஷின்ல முதலாளி படுத்திருந்தாரு. புதுசா வந்த ஸ்டாஃப் நரம்பு கெடைக்காமத் தடவிக்கிட்டு இருந்தா. வழக்கம்போலக் கிட்ட போனேன். "குடும்மா நான் பாக்குறேன்"னு கையை நீட்டினேன். மனுஷன் கையை வெடுக்குன்னு போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டாரு. "பரவால்ல சிஸ்டர், நீங்க ஓய்வெடுங்க. பாவம் உங்களுக்கே முடியல"ன்னாரு. அந்தப் பிள்ளை நாலு தடவை குத்தினா டீச்சர். நாலு தடவை. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டாரே தவிர என் பக்கம் திரும்பல. கை வீங்கி வர்றதை நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். எந்த எடத்துல குத்தணும்னு எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

அன்னைக்குச் சைக்கிள் ஸ்டாண்டுல தமயந்தியைப் பிடிச்சேன். வாயில வந்ததையெல்லாம் பேசினேன். "நடுத்தெருவுல என் துணியை உருவிட்டியேடி. எனக்குத் துடைச்சு விட்டது இதுக்குத்தானா? நீ அந்த ஆஸ்பத்திரியில என் கூடப் படுக்காமலே இருந்திருக்கலாம்"னேன். அவ அழுதுக்கிட்டே நின்னா. ஒரே ஒண்ணுதான் சொன்னா: "உனக்காக மூணு வருஷம் பொய் சொன்னேன் கனி. அந்தப் பொய்யை அவ தலையில தூக்கி வைக்க என்னால முடியல."

பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன பிரயோஜனம், நீங்களே சொல்லுங்க? என் வேலை போச்சு. குருவம்மாவுக்காவது திரும்பிச்சா? இல்ல. மேனேஜர் மெமோவைக் கிழிச்சுப் போட்டுட்டாரு, உண்மைதான். ஆனா காண்ட்ராக்டர் அதுக்கு முன்னாடியே வேற ஆளைப் பேசி வச்சுட்டான், இனி எடமில்லைன்னுட்டான். ஒரு பத்து நாள் முன்னாடி விஷயம் வந்திருந்தாக்கூடப் பாத்திருக்கலாம்னு சொன்னானாம். அந்தப் பத்து நாளைச் சொல்லிச் சொல்லித்தான் தமயந்தி அழுதா. என்னைக் குத்திக் காட்டுறதுக்குன்னே சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு. அன்னையில இருந்து அவகிட்ட பேசுறதில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா போன் அடிக்கிறா. தீபாவளிக்கு அதிரசம் குடுத்து விட்டா. தூக்குச்சட்டியோட திருப்பி அனுப்பிட்டேன். மகன் மேல பண்ணின சத்தியத்தை மீறினவ குடுக்கிற அதிரசம் எனக்கு எதுக்கு?

இப்ப ரெக்கார்டு ரூம்ல இருக்கேன். கீழ, பின்னாடி. ஜன்னல் கெடையாது. செத்தவங்க, பொழைச்சவங்க எல்லார் கேஸ் ஷீட்டும் கட்டுக் கட்டா அடுக்கியிருக்கும். தேடி எடுத்துக் குடுக்கணும், திரும்ப வாங்கி வைக்கணும். ஒரு நாளைக்கு நாலு பேருகூட வரமாட்டாங்க. வெங்காயம் திங்கலாம், முட்டை திங்கலாம், ஒருத்தரும் கேக்கப் போறதில்ல. திங்கப் பிடிக்கல.

ஒரே ஒரு நாள் குருவம்மா வந்தா.

நான் அங்க போயி ரெண்டு வாரம் இருக்கும். அவ காண்ட்ராக்ட்காரன் குடுத்த பச்சைக் கோட்டையும் கழுத்து அட்டையையும் ஆபீஸ்ல ஒப்படைக்க வந்திருக்கா. கோட்டைத் துவைச்சு மடிச்சு மஞ்சப்பையில வச்சிருந்தா. நிலைப்படிக்கு வெளிய நின்னுக்கிட்டு, "சிஸ்டர், வேலையா இருக்கீகளா?"ன்னா.

திட்டத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். திட்டினா என்ன பதில் சொல்லணும்னு அந்தக் கணத்துலயே மனசுக்குள்ள கோத்துக்கிட்டேன். நான் ஒண்ணும் உன்னைப் போகச் சொல்லல, காண்ட்ராக்டர்தான் சொன்னான்னு.

"என்ன குருவம்மா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். மேல எல்லாரும் பேசிக்கிடுதாக, உங்க விசயத்தை யாரோ சொல்லிக் குடுத்துட்டாகன்னு. கூட்டிப் பெருக்குதவ வாயி நிக்காதுன்னு ஆளாளுக்குச் சொல்லிருவாக. நீங்களும் என்னைய நெனச்சிரக் கூடாதுல்ல, அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவம்னு வந்தேன். நான் சொல்லல சிஸ்டர்."

வேலை போனவ. அத்தனை பேரு முன்னால பேச்சு வாங்கினவ. அதைச் சொல்லத்தான் வந்திருக்கா.

"தெரியும் குருவம்மா"ன்னேன்.

"தெரியுமா?" மொகம் அப்படியே தெளிஞ்சு போச்சு அவளுக்கு. "அது போதும் சிஸ்டர். எனக்கு அதான் நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு."

அப்போ நான் ஏதாவது சொல்லியிருக்கணும். மேசையில ஒரு கேஸ் ஷீட் பிரிஞ்சு கெடந்துச்சு, அதை நூல் போட்டுக் கட்டிக்கிட்டே இருந்தேன். கட்டினதையே திரும்பத் திரும்பக் கட்டுறேன்.

போறவ நின்னா. அங்கயும் இங்கயும் பாத்துட்டுக் கொரலைத் தணிச்சு, "இங்க பாத்ரூமு தூரமாச்சே சிஸ்டர், என்ன செய்யுதீக?"ன்னு கேட்டா.

நான் நூல்ல இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

"எக்ஸ்ரே ரூமுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. பூட்டியே கெடக்கும், யாரும் போகமாட்டாக. புதுசா வந்திருக்கவ எங்க தெருக்காரிதான். அவகிட்ட சொல்லி, தெனம் கழுவித் தண்ணி நெறைச்சு வைக்கச் சொல்லுதேன். சாவியும் உங்ககிட்ட குடுத்துருவா." அப்புறம் என் முகத்தைப் பாத்து அவசரமா, "எதுக்குன்னு அவகிட்ட சொல்ல மாட்டேன்"னா.

மறுநாள் சாவி மேசையில இருந்துச்சு.

இப்பவும் அங்கதான் போறேன் டீச்சர். ரெண்டு வாளி நெறையத் தண்ணி இருக்கு. எத்தனை நேரம் இருந்தாலும் ஒருத்தரும் தட்டுறதில்ல. குருவம்மா இப்ப எங்க வேலைக்குப் போறான்னு, கழுவ வர்ற அந்தப் பிள்ளைகிட்ட கேட்டா சொல்லிரும். தெனம் பாக்குறேன் அந்தப் பிள்ளையை. இன்னும் கேக்கல.